காகத்துக்கு முதல் உருண்டை

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று முருகன்மேல் சத்தியம் செய்கிறேன். முருகன் போதாது என்பவர்களுக்காகச் சத்தியக் கடதாசியும் முடிக்கப் பார்த்தேன். சிட்னியில் எங்கள் செவன் ஹில்ஸ் கடைத்தொகுதியில் புதன்கிழமைகளில் ஒரு சமாதான நீதவான் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் எழுதிக்கொண்டு போனதில் மூன்று வரி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பொய் என்றும் அவர் சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

என் பெயர் மகேந்திரராஜா. வயது எழுபத்தாறு. வீட்டில் நான், மனைவி விமலாதேவி, நாய் வீமன். எங்கள் மகள் கௌசிகா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த வெள்ளைச் சடைக் குட்டி அது. கைப்பைக்குள் அடங்கும் நாய்க்கு வீமன் என்று பெயர் வைத்தவன் நான்தான். படிப்பு முடிந்து, கலியாணமும் முடிந்து அவள் மெல்பேர்னுக்குப் போய் டண்டினொங்கில் குடியேறிவிட்டாள். நாய் எங்களோடு நின்றுவிட்டது. அப்படியே பதின்மூன்று வருடம்.

நான் ஒரு கதையைத் தொடங்கினால் விமலாதேவிக்குக் குசினியில் அலுவல் வந்துவிடும். நண்பர்களுக்குத் தொலைபேசி வந்துவிடும். வீமன் மட்டும் நடுவில் எழும்பாமல், கதை முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி ஓர் ஆளை இழக்க எனக்கு மனமில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

போன வருடம் அவனுக்குத் தாகம் தொடங்கியது. முதலில் தன் கிண்ணத்தைக் குடித்தான். பிறகு வாளி. பிறகு பூமரங்களுக்குக் கீழே வைத்திருந்த தட்டுகள். ஒரு நாள் பின்வீட்டு மீன்தொட்டியை அடிவரை குடித்து முடித்தான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆறு மீன்களும் ஈரக் கல்லில் படுத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றையும் அவன் தொடவில்லை. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

குடித்தது வெளியே வர வேண்டும் அல்லவா? இரவு பகல் இல்லாமல் முற்றத்துக்கும் வீட்டுக்கும் நடை. வயிறு பானைபோல ஊதியது. முதன்முறையாகப் பெயருக்கு ஏற்ற தோற்றம் வந்தது. முதுகில் மயிர் கொட்டி எனக்கு உள்ளதுபோலவே ஒரு வழுக்கை விழுந்தது. சும்மா படுத்திருக்கும்போதே இரைத்தான். எப்போதும் பசி. கொண்டுபோய்க் காட்டினோம்.

மிருக வைத்தியர் வினுஷா குவேக்கர்ஸ் ஹில்லில் வளர்ந்த எங்கள் பிள்ளை. ஐந்தாம் வகுப்புவரை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். அங்கே படித்த தமிழ் முழுவதையும் எனக்காகச் செலவழித்தாள்.

"அங்கிள், இது குஷிங்ஸ் எண்டு ஒரு வருத்தம். வீமன்ட உடம்பில ஒரு ஹோர்மோன் கூடிப் போச்சு. கோர்ட்டிசோல். ஸ்ட்ரெஸ் ஹோர்மோன் எண்டும் சொல்லுவினம்."

"அவனுக்கு என்ன பிள்ளை ஸ்ட்ரெஸ்? விசாவுக்கு எழுதிப்போட்டவனோ, வேலைக்கு இன்டர்வியூ போனவனோ?"

"அது வேற அங்கிள். கூடுதலா தலைக்குள்ள ஒரு சின்னக் கட்டியால வாறது. முழுசா மாத்த ஏலாது. ஆனா கொன்ட்ரோல் பண்ணலாம். ஒவ்வொரு நாளும் காலமை ஒரு கப்சூல். சாப்பாட்டோடதான் குடுக்கவேணும். தொட்ட கையை உடன கழுவுங்கோ, நல்லா சோப் போட்டு. நாலு கிழமையால திரும்ப இரத்தம் டெஸ்ட் பண்ணுவம்."

"டெஸ்டில இறங்காட்டி?"

அவளுடைய தமிழ் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. என் முழங்கையைத் தொட்டுவிட்டு அடுத்த பூனையைக் கூப்பிட்டாள்.

மிச்சத்தைக் கௌசிகா தொலைபேசியில் சொன்னாள். "அப்பா, ஹீ இஸ் சஃபரிங். நம்பர் இறங்காட்டி நான் ஃப்ளைட் எடுத்து வாறன். அண்டைக்கே டிசைட் பண்ணுவம்."

"என்னத்தை?"

"அப்பா. யூ நோ."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியும், நாயை ஒரேயடியாக நித்திரையாக்கும் ஊசி.

மருந்து தொடங்கிய நாள் புரட்டாதி முதலாம் நாள். இங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

புரட்டாதி முழுவதும் எங்கள் வீடு சைவம். சனிபகவானுக்கு எள்ளெண்ணெய் விளக்கு, அவருடைய வாகனமான காகத்துக்குச் சோறு. விமலாதேவியின் சட்டம் மிக எளிமையானது: காலையில் காகத்துக்கு வைக்காமல் அந்த வீட்டில் ஒரு சீவனும் வாயைத் திறக்கக் கூடாது. தேநீர்கூடக் காகத்துக்குப் பிறகுதான்.

சிட்னியில் காகம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் இங்கத்தைக் காகம் பாலுக்கு அழும் குழந்தைபோல இழுத்து இழுத்து அழும். செத்த வீட்டுக்கு வந்ததுபோல அழுகிற பறவைக்கு விரதச் சோறு வைக்க மாட்டேன் என்று விமலாதேவி ஒதுக்கிவிட்டாள். அவள் வேலியோரம் நின்று "கா, கா" என்று கூப்பிட்டபோது மரியாதையாக வந்து இறங்கியது ஒரு மக்பை. கறுப்பு உடம்பு, பிடரியில் வெள்ளை, இறக்கையில் வெள்ளை.

"விமலா, இது காகமில்லை."

"ஏன் இல்லை? கறுப்புத்தானே."

"பாதி வெள்ளையெல்லே?"

"இந்த நாட்டுக்கு வந்து கன காலமாயிருக்கும். உங்கட தலை வெளுக்கேல்லையோ?"

அன்றிலிருந்து அது காகம்.

அவுஸ்திரேலியாவில் புரட்டாதியில் வரும் வசந்த காலத்து மக்பை என்றால் எவருக்கும் தெரியும். கூட்டுக்குக் கிட்டப் போகிறவர்களின் பிடரியில் பின்பக்கமாக வந்து கொத்தும். எங்கள் மக்பை கூடு கட்டியிருந்தது வாசலில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில். தபால்காரர் டெரன்ஸ் தன் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் நாடாக்களை முள்ளம்பன்றிபோலக் குத்திக்கொண்டு வருவார். வீமன் ஒதுங்கப் போனாலும் அவன் முதுகுக்கு மேலால் ஒரு தடவை சர்ரென்று போகும்.

சரி, மருந்து. நாய்க்குக் கப்சூல் கொடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு உருண்டையால் காரியம் ஆகாது. முதல் உருண்டைக்குள் கப்சூலை வைத்துக் கொடுத்து, துப்புமுன் இரண்டாவதைக் காட்ட வேண்டும். இரண்டாவதன் ஆசையில் முதலாவதை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் சோறும் பருப்பும் நெய்யும் குழைத்து இரண்டு உருண்டை பிடிப்பேன். முதலாவதற்குள் கப்சூல். இரண்டாவது வெறும் சோறு. இரண்டையும் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவேன். வினுஷா நல்லா சோப் போடச் சொன்னவள். நான் சொன்னதைச் செய்கிறவன். திரும்பி வரும்போது ஒரு உருண்டைதான் இருக்கும். முதலாவதை விமலாதேவி கொடுத்துவிட்டாள் என்று நினைத்து இரண்டாவதை நான் வீமனுக்குக் கொடுப்பேன். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் காலை ஏழு மணிக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஒரு கிழமை போனது. வீமன் குடித்துக்கொண்டேயிருந்தான். இரண்டாம் கிழமை டெரன்ஸ் வந்து கதவைத் தட்டினார். அவர் தலையில் கவசம் இல்லை.

"உங்களுடைய பறவைக்கு ஏதோ நடந்துவிட்டது" என்றார். "இன்று காலை எனக்கு வழி விட்டது."

மூன்றாம் கிழமை அது அவருடைய வண்டியின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து தெருமுனைவரை போய், அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்தது. இறக்கை இருந்தும் நடந்தது. அவசரம் ஒன்றும் இல்லை என்பதுபோல. எங்கள் கடிதம் ஒன்றை டெரன்ஸ் தவறுதலாகப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போடப் போக, அலகால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தியது. இதை நான் கண்ணால் கண்டேன். டெரன்ஸும் கண்டார். இப்போது அவர் வேறு பகுதிக்கு மாற்றலாகிவிட்டார், கேட்க வசதியில்லை.

பறவை தண்ணீர்த் தட்டுப் பக்கம் அதிகம் போகாது. ஒரு மிடறு, அத்தோடு போதும். வயிறு ஒட்டி, இறகு மினுங்கி, கலியாண மாப்பிள்ளைபோல நின்றது. எனக்குப் பெரிய குழப்பம். மருந்து வேலை செய்கிறது என்பது தெரிந்தது. எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

டெஸ்டுக்கு முதல் நாள் காலை வேலியோரம் இலை கூட்டினேன். பறவைக்குச் சோறு வைக்கும் கட்டைக்குக் கீழே ஏதோ கிடந்தது. குனிந்து எடுத்தேன். கப்சூலின் பாதி ஓடு. இன்னும் தேடினேன். அதேபோல ஒன்று, இன்னொன்று.

உள்ளே போய் விமலாதேவிக்கு முன்னால் உள்ளங்கையை விரித்தேன்.

"இது என்ன?"

"குப்பை. வெளியில போடுங்கோ."

"விமலா, நான் உருட்டி வைக்கிற முதலாவது உருண்டையை என்ன செய்யிறனீ?"

"காகத்துக்கு வைக்கிறனான். வேற என்ன செய்யிறது?"

நான் கதிரையில் உட்கார்ந்தேன். "அதுக்குள்ளதான் மருந்து."

"முதலாவதுக்குள்ளயோ? உங்களுக்கு அறிவிருக்கோ? முதல் உருண்டை காகத்துக்கெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாய்க்கு மருந்தெண்டால் ரெண்டாவதுக்குள்ள வைக்கிறதுதானே!"

"நீ சொல்லேல்லையே."

"சொல்லோணுமோ? மனுசன் இந்த வயசிலயாவது பக்தியா விடியக்காலமை காகத்துக்குச் சோறு உருட்டுதே எண்டு நான் சந்தோசப்பட்டனான். தங்கச்சிக்கும் போன் எடுத்துச் சொன்னனான்."

"இருபத்தேழு நாள், விமலா. இருபத்தேழு நாள் ஒரு மக்பைக்கு நாய் மருந்து குடுத்திருக்கிறம்."

"காகத்துக்கு" என்று திருத்தினாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அடுப்பை நிறுத்தினாள். வீமன் கதவடியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கீழே உட்கார்ந்து அவனை மடியில் இழுத்து, வழுக்கை முதுகைத் தடவினாள். நாயைத் தொட்டால் முழுகவேண்டும் என்று புரட்டாதியில் சட்டம் வைத்திருந்தவள் அவள்.

"அப்ப பிள்ளைக்கு ஒரு நாளும் மருந்து போகேல்லை" என்றாள்.

"ஒரு நாளும் போகேல்லை."

"நாளைக்கு நம்பர் இறங்காது."

"எப்பிடி இறங்கும்?"

"கௌசிக்குச் சொல்லாதேங்கோ. அவள் வெளிக்கிட்டிடுவாள்."

வெளிக்கிட்டிருந்தாள். அன்று பின்னேரம் செய்தி வந்தது: நாளை இரண்டு மணி விமானம் என்று.

மறுநாள் காலை வீமனைக் காரின் பின் ஆசனத்தில் போர்வை விரித்து ஏற்றினேன். விமலாதேவி பக்கத்தில் ஏறினாள். வீதியால் திரும்பியபோது கண்ணாடியில் பார்த்தேன். கார்க் கூரையின் விளிம்பில் இரண்டு கால். எங்கள் மக்பை வந்துகொண்டிருந்தது. சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது அது இறங்கி நின்று, பச்சை விழுந்ததும் மறுபடி ஏறிக்கொண்டது. வைத்தியசாலைக் கதவு தானாகத் திறக்கிற கதவு. முதலில் நாய், பிறகு விமலாதேவி, அடுத்து நான், கடைசியாகப் பறவை. உள்ளே போனதும் அது நேராக நிறை பார்க்கும் தராசில் ஏறி நின்றது. முந்நூற்றுப் பத்து கிராம். வரவேற்பில் இருந்த பெண் பழக்கத்தில் அதை எழுதியும்விட்டாள்.

வினுஷா வந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். இரண்டு உருண்டை, சோப், முதல் உருண்டை, காகம் எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தாள்.

"வெயிட், அங்கிள். ஸ்லோவா. நாய்க்குத் தந்த மருந்தை மக்பை சாப்பிட்டதோ?"

"காகம்" என்றாள் விமலாதேவி.

"அன்ரி, இது மக்பை."

"பிள்ளை, நீர் நாய்க்குப் படிச்சனீர்."

வினுஷா என்னைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். அது தராசில் நின்றபடி தன் இறக்கையை ஒரு பக்கம் விரித்துக் காட்டியது, இரத்தம் எடுக்க வசதியாக. அவள் அதைத் தொடவில்லை. பறவைகளுக்குத் தனிச் சட்டம், தனி உத்தரவு எல்லாம் உண்டாம். வீமனை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு தடவை இரத்தம் எடுத்து, ஊசி போட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்து மறுபடி எடுப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலம் விமலாதேவி தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு, நாய் உணவு மூட்டைகள் அடுக்கிய சுவரைப் பார்த்திருந்தாள். நான் ஒரு கதை தொடங்கினேன். அவள் எழும்பவில்லை. குசினி தூரத்தில் இருந்தது. எனக்கும் அதற்குமேல் வரவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். அப்படி நான் வேறெப்போதும் செய்ததில்லை.

வினுஷா ஒரு தாளோடு வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"அங்கிள், நம்பர் இறங்கியிருக்கு."

"எந்த நம்பர்?"

"வீமன்ட நம்பர். நோர்மல். ரெண்டு தரம் செக் பண்ணினனான்."

"மருந்து எடுக்காமலோ?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

மூவரும் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தோம். நான் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் நல்ல எண்ணாகத்தான் இருந்தது.

விமலாதேவிக்குச் சந்தேகமே இல்லை. "சனிபகவான்" என்றாள். "வாகனத்துக்கு வைத்தியம் பார்த்தால் சும்மா விடுவாரோ?"

எனக்கு அது போதாது. நான் விஞ்ஞானம் படித்தவன். "பிள்ளை, ஸ்ட்ரெஸ்ஸாலயும் இந்த நம்பர் ஏறுமெல்லோ?"

"சில நேரம் டெஸ்ட் குழம்பும்தான். ஏன்?"

"இந்தப் பறவை அவனைப் பதின்மூண்டு வசந்தம் துரத்திக் கொத்தினது. கொத்துறதுக்குப் பயந்து அவன் பாதியில ஓடி வருவான். பாதியில வந்தால் திரும்பப் போகவேணும். அதுதான் அந்த நடை. முதுகு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டினதும் இதுதான். மரத்தில ஏறிப் பாரும், கூடு முழுக்க வெள்ளைச் சடை. இப்ப இவர் மருந்து குடிச்சு அமைதியாயிட்டார். கொத்துறவர் அமைதியானால் கொத்து வாங்கினவருக்குச் சுகம் வராதோ?"

"அங்கிள், அப்பிடி ஒரு ட்ரீட்மென்ட் எந்த டெக்ஸ்ட்புக்லயும் இல்லை."

"அப்ப எழுதும்."

"சரி, இனி மருந்தை ஆருக்குக் குடுக்கிறது?" என்று விமலாதேவி கேட்டாள். "முதலாவதுக்குள்ள வைக்கிறதோ, ரெண்டாவதுக்குள்ள வைக்கிறதோ? ஒண்டைச் சொல்லும்."

சட்டப்படி பறவைக்குக் கொடு என்று வினுஷாவால் சொல்ல முடியாது. நிறுத்து என்றால் நாயின் எண் என்ன ஆகும் என்பது அவளுக்கே தெரியாது. நாய்க்குக் கொடு என்றால், சுகமான நாய்க்கு அது நஞ்சு. கடைசியில் ஒரு தாளை எடுத்து, 'முன்போலவே தொடரவும்' என்று எழுதி, யாருக்கு என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கௌசிகா அதற்குள் மெல்பேர்ன் விமான நிலையத்தில் நின்றாள். நான் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். நான் ஓம் என்றேன். விமலாதேவி தொலைபேசியைப் பறித்து, "பிள்ளை, நீ வரத் தேவையில்லை. அவன் நல்லா இருக்கிறான்" என்றாள். காரின் பின் ஆசனத்தில் வீமன் தலையை என் மனைவியின் மடியில் வைத்து நித்திரையாகிவிட்டான். இரைப்பே இல்லை. வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

வீமன் இறந்தது போன வருடம் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பகல், வினுஷாவின் மேசையில், அவன் தலைக்குக் கீழே என் கை இருக்க. முதல் உருண்டை பிடிக்கவிருந்த புரட்டாதி முதலாம் நாளுக்கு அதற்குப் பிறகும் ஐந்து நாள் இருந்தது.